ஆறு மீற்றர் சுவருக்கு எந்தக் கணக்கு? நங்கூரத் தாங்குசுவர் ஆய்வு முறைகளும் வன்னி மண்ணும்

வன்னியில் நங்கூரம் பூட்டிய தாங்குசுவர், அதாவது பின்னாலுள்ள மண்ணுக்குள் கம்பி விட்டு இழுத்துப் பிடித்த சுவர், அடிக்கடி கட்டப்படுவதில்லை. நிலம் தட்டை, வெட்டும் ஆழம் குறைவு. ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவரோ கல் நிரப்பிய கம்பிக்கூடையோ போதும். ஆனால் குளக்கட்டுக்குக் கீழே நீரேற்றும் கிணறு, ஏ9 வீதியோரம் நிலக்கீழ்த் தளத்தோடு ஒரு கடைத்தொகுதி, கொக்கிளாய்ப் பக்கம் படகு அணையும் இறங்குதுறை என்று வேலை வந்தால் ஐந்தாறு மீற்றர் மண்ணை நிமிர்த்தி நிறுத்த வேண்டியாகிறது. அப்போது கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிளக்ஸிஸில் போட்டுப் பார்த்தாச்சா?" பிளக்ஸிஸ் என்பது மண்ணையும் சுவரையும் சேர்த்துத் தீர்க்கும் கணினி நிரல்.

அந்தக் கேள்வி முதலில் வரக்கூடாது என்பது என் கட்சி. ஆய்வு முறைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. அவற்றுக்கிடையே விடைகள் வேறுபடுவதும் உண்மை. ஆனால் நம் பக்கத்தில் மாரி நீர்மட்டத்தை எங்கே வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பது, எந்த முறையைத் தெரிவு செய்தோம் என்பதைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தருகிறது. எவ்வளவு பெரியது என்று எண்களாலேயே காட்டுகிறேன்.

ஒரு சுவரை வைத்துக்கொள்வோம். தாங்கும் உயரம் 6 மீற்றர். நங்கூரம் மேலிருந்து 1.5 மீற்றரில், ஒரே வரிசை. மண் மணற்பாங்கானது, உராய்வுக் கோணம் 30 பாகை, கனமீற்றருக்கு 18 கிலோநியூட்டன். கிளிநொச்சி, முல்லைத்தீவு உட்பகுதிச் செம்மண்ணுக்கு முதற்கணக்கில் வைத்துப் பார்க்கக்கூடிய எண்கள்தான். 30 பாகைக்கு றாங்கினின் தள்ளும் அழுத்தக் குணகம் மூன்றில் ஒன்று, எதிர்க்கும் அழுத்தக் குணகம் மூன்று. எதிர்ப்பை 1.5ஆல் வகுத்துப் பாதுகாப்பாக 2 என்று எடுக்கிறேன். முதலில் தண்ணீரே இல்லை என்று வைப்போம்.

கைக்கணக்கில் இரண்டு மரபுகள் உண்டு. முதலாவதில் சுவரின் அடி மண்ணுக்குள் இறுகப் பிடிபடவில்லை என்று கொள்கிறோம். மேலே கீல் போட்ட கதவு போலச் சுவர் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். முன்னாலுள்ள மண் அதைத் தடுக்கும். நங்கூரப் புள்ளியைச் சுற்றித் திருப்பம் எடுத்துச் சமன் செய்தால் போதும். கல்குலேற்றரும் பொறுமையும் இருந்தால் அரை மணித்தியால வேலை. நம் சுவருக்கு விடை: வெட்டுமட்டத்துக்குக் கீழே 3.1 மீற்றர் உட்புதைவு, நங்கூர விசை மீற்றருக்கு 75 கிலோநியூட்டன், உச்ச வளைவுத் திருப்பம் மீற்றருக்கு ஏறக்குறைய 139 கிலோநியூட்டன் மீற்றர்.

இரண்டாவதில் சுவர் ஆழமாக இறங்கி அடியில் இறுகி நிற்கிறது. ஜெர்மானியரான புளூம் 1931இல் இதற்குத் தந்த எளிமையாக்கம் இன்றும் வழக்கில் இருக்கிறது. வெட்டுமட்டத்துக்குச் சற்றுக் கீழே, நிகர அழுத்தம் பூச்சியமாகும் இடத்தில் மூட்டு ஒன்று இருப்பதாகக் கொண்டு மேல்பகுதியை எளிய வளையாகத் தீர்ப்பது. அதே சுவருக்கு உட்புதைவு 20 வீதம் கூட்டியபின் 5.8 மீற்றர், நங்கூரம் 64, திருப்பம் 100. அதாவது இரும்பு கனத்தில் மெலிகிறது, நீளத்தில் கூடுகிறது. அடியில் பாறையோ இறுகிய படையோ குறுக்கிட்டு, பைலை, அதாவது சுவராக அடித்திறக்கும் உருக்குத் தகட்டை, ஆறு மீற்றர் இறக்க முடியாத இடத்தில் இந்த முறையை நினைக்கவே வேண்டாம். வவுனியாவில் பெரும்பாலும் அதுதான் நிலை. அங்கே அடியில் இருப்பது புவியியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்ட பழைய உருமாறிய பாறை.

முதல் முறை திருப்பத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்பது பழைய விடயம். பொறியியலாளர் ரோ செய்த மாதிரிச் சோதனைகள் 1952இல் அதைத் தெளிவாக்கின. மெல்லிய உருக்குச் சுவர் மணலில் வளையும்போது அழுத்தம் இடம்மாறி உச்சத் திருப்பம் குறைகிறது. எவ்வளவு குறையும் என்பது உயரத்தின் நான்காம் அடுக்கைச் சுவரின் விறைப்பால் வகுத்த எண்ணைப் பொறுத்தது. கவனிக்க வேண்டியது, அந்தச் சலுகை திருப்பத்துக்கு மட்டுமே. நங்கூர விசைக்கு அது கிடையாது. விறைத்த கொங்கிறீற்றுச் சுவருக்கும் நம்பி எடுக்கக்கூடாது. இதைக் கவனியாமல் இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைத்து எழுதிய கணக்குத் தாள்களைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ரெர்ஸாகியும் பெக்கும் பேர்லின், மியூனிக், நியூயோர்க் அகழ்வுகளில் உதைகளில் (சுவருக்கு முட்டுக் கொடுக்கும் குறுக்குச் சட்டங்களில்) அளந்த சுமைகளை வைத்து மணலுக்கு வரைந்த உறை, அதாவது அளவீடுகளை உள்ளடக்கும் அழுத்த வரைபடம். மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வரிசை வரிசையாகப் பிடித்துச் செல்லும் சுவர்களுக்கு உரியது. அமெரிக்க நெடுஞ்சாலை நிருவாகத்தின் 1999ஆம் ஆண்டு நங்கூரக் கைநூல் அதைத் துளையிட்ட நங்கூரங்களுக்கு ஏற்றபடி சரிவக வடிவில் தருகிறது. நம் சுவரில் மொத்தச் சுமை மீற்றருக்கு 140 கிலோநியூட்டன், நங்கூரத்துக்கு வருவது 107. முதல் முறை தந்த 75ஐவிட நாற்பது வீதம் அதிகம். ஒன்று சரி, மற்றது பிழை என்று இதற்குப் பொருளல்ல. இழுத்துப் பூட்டிய நங்கூரம் சுவரை முன்னால் நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பதால் மண் முழுமையாகத் தளர்வதில்லை. மேற்பகுதியில் சுமை கூடித் தேங்குகிறது. கடலோரத்தில் பைல் அடித்து, இழுகம்பி போட்டு, பின்னால் மண் நிரப்பிக் கட்டும் இறங்குதுறைக்கு இந்த உறை பொருந்தாது. அங்கே சுவர் பிறக்கும் ஒழுங்கே வேறு.

இவை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நங்கூர விசை 64இலிருந்து 107 வரை போகிறது, திருப்பம் முதல் இரண்டில் 100இலிருந்து 139 வரை. ஒரு கூட்டத்தில் வாதாடுவதற்குப் போதுமான இடைவெளி. இனி மாரியைக் கொண்டு வருவோம்.

தண்ணீர் வந்தபின்

அதே சுவர், அதே மண். சுவருக்குப் பின்னால் நீர்மட்டம் தரையிலிருந்து 2 மீற்றரில், முன்னால் வெட்டுமட்டத்தில். நீர் சுவரின் அடியைச் சுற்றிக் கசிந்து முன்னால் எழுகிறது, தலைநீர் (இரு பக்க நீர்மட்ட வேறுபாடு) பாதை நீளம் முழுவதும் சீராக இழக்கப்படுகிறது என்று எளிமையாக்கிக் கொள்கிறேன். நிறைவுற்ற மண் கனமீற்றருக்கு 20 கிலோநியூட்டன். முதல் முறையாலேயே தீர்த்தால் உட்புதைவு 3.1இலிருந்து 7.3 மீற்றருக்குப் போகிறது. நங்கூர விசை 75இலிருந்து 165க்கு. திருப்பம் 139இலிருந்து 465க்கு.

திருப்பம் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. கைமுறைகளுக்கிடையே நாம் கண்ட வேறுபாடு இதற்குப் பக்கத்தில் சிறியது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கோடைக் கணக்கில் வந்த 3.1 மீற்றர் உட்புதைவோடு சுவரைக் கட்டிவிட்டு, இந்த நீர்மட்டம் வந்தால் என்ன ஆகும்? பாதுகாப்புக் காரணி எதுவும் எடுக்காமல், எதிர்ப்பு முழுவதையும் கணக்கில் சேர்த்தாலும் தள்ளும் திருப்பம் எதிர்க்கும் திருப்பத்தின் இரு மடங்குக்கு மேல் நிற்கிறது. பின்னால் நீர் தள்ளுவது ஒரு பக்கம். முன்னால் மேல்நோக்கி எழும் கசிவு எதிர்க்கும் மண்ணின் எடையையே குறைப்பது மறு பக்கம். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம் பக்கத்தில் ஆய்வுத்துளை பெரும்பாலும் கோடையில்தான் போடப்படுகிறது. மாரியில் வயற்பக்கம் இயந்திரம் இறங்காது. கண்ணிவெடி அகற்றிய சான்றுக்காகக் காத்திருந்து, அது கிடைத்த கையோடு ஆவணியில் துளை போட்டு, அறிக்கையில் "நீர்மட்டம் 5.5 மீற்றர்" என்று எழுதி முடிப்பார்கள். அந்த எண் அந்த நாளுக்கு உண்மை. ஆனால் வன்னியின் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டுகிறது. குளம் வான் பாயும் நாளில் கட்டுக்குக் கீழே உள்ள வயற்கிணறுகளில் கையால் அள்ளும் தூரத்தில் தண்ணீர் நிற்பதை ஊரில் எவரும் சொல்வார்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுக் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை நினைத்தால், இரண்டு மீற்றர் என்ற என் எண் கொஞ்சம் தாராளமானதுகூட.

ஆகவே துளைக்குள் ஒரு நீர்மட்டக் குழாயை விட்டு ஒரு மாரி முழுவதும் அளப்பது, எந்த மென்பொருள் உரிமத்தையும்விட மலிவு. அவகாசம் இல்லையென்றால் அயல் கிணற்றுக்காரரிடம் கேளுங்கள். கிணற்றுக் கட்டில் நீர்க்கறை எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

வடிகால் வைத்தால் இந்தச் சுமை குறையாதா என்று கேட்கலாம். மழைநீர் மட்டும் என்றால் குறையும். குளத்திலிருந்து இடைவிடாமல் வரும் கசிவுக்கு வடிகால் வைத்தால், அந்த நீர் எங்கே போகும், மண்துகளையும் சேர்த்து இழுத்துப் போகுமா, அதனால் குளக்கட்டுக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் தொடரும். நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு முதலில் பேச வேண்டிய விடயம் அது.

கணினி முறைகள் இரண்டு

சுருள்வில் முறையில் சுவர் ஒரு வளை. மண் அதன் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் சுருள்வில்கள். கருத்து விங்க்லருடையது, 1867. இன்றைய நிரல்களில் அந்த வில்களுக்குத் தள்ளும் அழுத்தம், எதிர்க்கும் அழுத்தம் என்று இரு எல்லைகளும் உண்டு. வெட்டும் படிகளை ஒழுங்காகப் போடலாம்: முதலில் 2 மீற்றர் வெட்டு, நங்கூரத்தை இழுத்துப் பூட்டு, பிறகு மீதியை வெட்டு. கைக்கணக்கால் இதைச் செய்ய முடியாது. சுவர் எவ்வளவு நகரும் என்பதும் ஓரளவு கிடைக்கும். நங்கூரத்தை எத்தனை கிலோநியூட்டனில் பூட்டுவது என்ற கேள்விக்கு இதைவிட வசதியான கருவி இல்லை.

குறை என்ன? வில்லின் விறைப்பு மண்ணின் இயல்பான குணம் அல்ல. சுமை தாங்கும் அகலம் மாறினால் அதுவும் மாறும் என்று ரெர்ஸாகி 1955இலேயே எழுதிவிட்டார். சுவருக்குப் பின்னால் நிலம் எவ்வளவு இறங்கும் என்பதையும் இந்த முறை சொல்லாது. பின்னால் வெறும் வளவு என்றால் அது தேவையும் இல்லை. விறைப்பை இரு மடங்காக்கி ஒரு முறை, பாதியாக்கி ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் விசையும் திருப்பமும் பெரிதாக அசைவதில்லை, நகர்வுதான் அசைகிறது. அதனாலேயே வலிமையைப் பார்க்க இதை நம்புகிறேன். மில்லிமீற்றர் கணக்கை நம்பிப் பக்கத்து வீட்டுக்காரருக்கு உறுதி கொடுக்கமாட்டேன்.

அந்த உறுதியைக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால்தான் முடிவுறு மூலக முறை, அதாவது மண்ணைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தீர்க்கும் பிளக்ஸிஸ் வகை. பின்னால் இரண்டு மாடிக் கட்டடமோ புகையிரதப் பாதையோ பழைய துருசோ இருந்தால், மண்ணையும் சுவரையும் நங்கூரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேறு வழி இல்லை. ஆனால் அது கேட்கும் விலை உரிமக் கட்டணம் மட்டுமல்ல. மண்ணின் நடத்தைக்கான எளிய மோர்-கூலோம் மாதிரியில் சுமை ஏற்றும்போதும் இறக்கும்போதும் மண்ணுக்கு ஒரே விறைப்பு. வெட்டும்போது மண் சுமை இறங்குகிறது. உண்மையில் அப்போது அது பல மடங்கு விறைப்பாக நிற்கும். ஒரே விறைப்பு என்று கொண்டால் வெட்டின் அடி தேவைக்கு மேல் பொங்கி, சுவரையும் தூக்கி, பின்னால் நிலம் இறங்குவதற்குப் பதில் எழுவதாகக்கூடப் படம் வரும். அதைத் தவிர்க்கும் மேம்பட்ட மாதிரிகள் மூவச்சுச் சோதனை (மண் மாதிரியை ஆய்வுகூடத்தில் எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்ப்பது) எண்களைக் கேட்கும். மணலில் கலங்காத மாதிரி எடுப்பதே அரிது. நம் கையில் இருப்பது பெரும்பாலும் நியம ஊடுருவல் எண், அதாவது துளையில் குழாயை அடித்திறக்க எடுத்த அடிகளின் எண்ணிக்கை, மட்டுந்தான். அந்த ஒரே எண்ணிலிருந்து நான்கு அளபுருக்களை ஊகித்து, வண்ணப்படத்தோடு அறிக்கை தருவதை ஆய்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூரில் 2004 ஏப்பிரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையருகே ஏறத்தாழ 30 மீற்றர் ஆழ அகழ்வு இடிந்து நால்வர் இறந்தனர். அது நங்கூரச் சுவர் அல்ல, உதைகள் வைத்த சுவர். ஆனாலும் இங்கே பொருந்துகிறது. மென்களிமண்ணின் வடியாத நிலையை (நீர் வெளியேற நேரமில்லாத நிலையை) விளைவு வலிமை எண்களால் (நீரழுத்தம் கழித்த வலிமை எண்களால்) உள்ளிட்டபோது நிரல் களியின் வலிமையைக் கூட்டிக் காட்டியது. சுவரின் திருப்பமும் நகர்வும் குறைவாக மதிப்பிடப்பட்டன. உதையும் குறுக்குவளையும் சந்திக்கும் இணைப்பும் பலம் போதாமல் வடிவமைக்கப்பட்டிருந்தது. நிரல் பிழையாக ஓடவில்லை. கொடுத்த உள்ளீட்டுக்கு உரிய விடையைத்தான் தந்தது. ஆனையிறவு, பூநகரிக் களப்போரச் சேற்றில் வேலை செய்கிறவர் இந்த விசாரணையைத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த முறையும் தானாகச் சொல்லாத பகுதி: நங்கூரம்

சுவரைத் தாளில் நிறுத்திவிட்டு நங்கூரத்தை ஒரு அம்புக்குறியாக விட்டுவிடுவது வழக்கமான குறைபாடு. இரு பரிமாண மூலக ஆய்விலும் நங்கூரத்தின் பிடி எவ்வளவு என்பதை நாமேதான் கொடுக்கிறோம். அது கண்டுபிடித்துத் தருவதில்லை.

நம் சுவரையே எடுப்போம். மீற்றருக்கு 165, இடைவெளி 2.5 மீற்றர். முதலில் 15 பாகைச் சாய்வு என்று நினைத்தேன். முன்சொன்ன அமெரிக்கக் கைநூல் கம்பிவட நங்கூரத்துக்குக் குறைந்தது 4.5 மீற்றர் கட்டற்ற (மண்ணோடு ஒட்டாத) நீளமும், மண்ணோடு ஒட்டும் பிணைப்புப் பகுதியின் நடுவுக்கு மேல் 4.5 மீற்றர் மண்ணும் கேட்கிறது. பிணைப்பு 8 மீற்றர் என்றால் 15 பாகையில் நடுப்பகுதி 3.7 மீற்றர் ஆழத்தில்தான் நிற்கும். 25 பாகைக்கு இறக்கினால் 5.1 கிடைக்கிறது. ஆனால் நங்கூரச் சுமை 455 கிலோநியூட்டனாகி, அதில் 192 சுவரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கச் சுவரின் அடிக்கு வலு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சுவரின் அடியிலிருந்து பிணைப்புப் பகுதி வரை ஒரு மண்கட்டி முழுவதுமாக நங்கூரத்தோடு சேர்ந்தே வழுக்குமா என்பது. கிரான்ஸ் 1953இல் தந்த வழியிலோ வழமையான சரிவு உறுதிநிலை நிரலிலோ பார்க்கலாம். குட்டையான நங்கூரங்கள் இங்கேதான் மாட்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது.

கிரவுட் (நங்கூரத் துளைக்குள் செலுத்தும் சீமெந்துக் குழம்பு) மண்ணோடு எவ்வளவு ஒட்டும் என்பதற்கு அட்டவணை எண்களில் பெரிய வீச்சு உண்டு. களத்தில் இழுத்துப் பார்ப்பதே முடிவான விடை: வடிவமைப்புச் சுமையின் 133 வீதம், நம் கணக்கில் 605 கிலோநியூட்டன். மன்னாரின் முருங்கன் கருமண் போன்ற களியில் இது மட்டும் போதாது. நெகிழ்மைச் சுட்டி 20ஐத் தாண்டும் களியில் நங்கூரம் மெல்ல மெல்ல ஊரும் என்பதால் நீண்டநேர ஊர்வுச் சோதனை வேண்டும். அந்த மண் மாரியில் ஊதிப் பக்கவாட்டில் தள்ளுவதை மேலே சொன்ன எந்தச் சூத்திரமும் கணக்கில் எடுப்பதில்லை. சுவருக்குப் பின்னால் ஓர் ஆப்பு வடிவுக்கு அதை வெட்டி எடுத்துவிட்டு மணலோ கிரவலோ நிரப்புவதே நல்லது. உப்புக்காற்றுப் பக்கம் என்றால் துருக்காப்பும் சேரும். ஈராண்டுக்கு மேல் நிற்கும் நங்கூரம் எதையும் தற்காலிகமானது என்று எழுதித் தப்ப முடியாது.

ஆக எதை எடுப்பது?

பின்னால் வயலோ வெறும் வளவோ இருக்கும் ஐந்தாறு மீற்றர் சுவருக்கு: மாரி நீர்மட்டத்தோடு முதல் கைமுறை, அதன்மேல் சுருள்வில் நிரலில் வெட்டும் படிகள், நங்கூரத்துக்குத் தனிக் கைக்கணக்கு, வழுக்குச் சோதனை. இதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். மேலிருந்து வெட்டி வரும் சுவரென்றால் நங்கூர விசையை உறைமுறையோடும் ஒப்பிட்டுப் பெரியதை எடுப்பேன். இறங்குதுறையில் துளையிடும் இயந்திரத்தை வரவழைப்பதைவிடப் பின்னால் கொங்கிறீற்றுக் கட்டை புதைத்து இழுகம்பியால் கட்டுவது மலிவு. கட்டை சுவரின் தள்ளும் ஆப்புக்கு வெளியே நிற்கவேண்டும், அதன் எதிர்ப்பு ஆப்பு அதோடு வெட்டிக்கொள்ளக்கூடாது. நிரப்பிய மண் அமரும்போது கம்பியின்மேல் தொங்கி அதை வளைக்கும் என்பதால் கம்பியைக் குழாய்க்குள் விட்டு நிரப்புவது நல்லது.

பக்கத்தில் கட்டடமோ பாதையோ துருசோ இருந்தால் மூலக ஆய்வு வேண்டும்தான். ஆனால் அதைக் கேட்கும் ஒப்பந்தத்திலேயே மூவச்சுச் சோதனைக்கும் நீர்மட்டக் குழாய்க்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆலோசகரிடம் நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: எந்த மண் மாதிரி, விறைப்பு எண் எங்கிருந்து வந்தது, எந்த மாதத்து நீர்மட்டம், அதே சுவருக்குக் கைக்கணக்கு என்ன சொன்னது. நான்காவது தாள் நங்கூர விசையிலும் திருப்பத்திலும் கணினி விடையோடு ஒன்றரை மடங்குக்கு மேல் முரண்பட்டால், காரணம் எழுத்தில் வரும் வரை வரைபடத்தில் கையொப்பம் போடவேண்டாம்.